பழைய ஈ30-க்கு எல்.எஸ்.டி.: ‘எஸ்’ தகட்டை நம்பி வாங்கலாமா?

எண்பதுகளின் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸான ஈ30-இல், எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் பெட்டியின் (சுருக்கமாக டிஃப்) பின்மூடி போல்ட் ஒன்றில் விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு தொங்கும். அதில் ‘எஸ் 3.73’ என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்.எஸ்.டி., ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்), பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், அதை ஓட்டும் சிறிய பினியனில் 11 பல் என்று அர்த்தம். ‘எஸ்’ என்பது பூட்டும் டிஃபுக்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. பி.எம்.டபிள்யூ. ஈ30 வைத்திருப்பவர்கள் பழைய பாகம் தேடும்போது முதலில் பார்ப்பதும், பல பேர் கடைசியாகப் பார்ப்பதும் இந்தத் தகட்டைத்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தகடு மூடியோடு போகும், டிஃபோடு போகாது. வேறு மாடலின் டிஃபை ஈ30-இல் பொருத்த மூடியைக் கழற்றி மாற்றுவது சர்வ சாதாரணம். அப்படி மாற்றிய பெட்டியில் தகடு ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும்.

இன்று ஈ30-க்கு எல்.எஸ்.டி. வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. தொழிற்சாலையில் வந்த பழைய கிளட்ச் வகையை (உராய்வுத் தட்டுகளால் பூட்டும் வகை) தேடி வாங்கி அப்படியே மாட்டுவது, அதையே தட்டுகள் மாற்றிப் புதுப்பித்து மாட்டுவது, அல்லது இருக்கிற ஓப்பன் டிஃபுக்குள் (பூட்டு இல்லாத சாதாரண டிஃப்) புதிதாக ஒரு ஹெலிகல் வகையை (சாய்பல் கியர்களால் பூட்டும் வகை) இறக்குவது. முதல் வழி மலிவு போலத் தெரியும். பரிசோதிக்காமல் வாங்கினால் மூன்றிலும் அதிகமாகக் கையைக் கடிப்பது அதுதான்.

முதலில் பெட்டி அளவு. ஈ30-இல் இரண்டு வகை உண்டு: 168 மி.மீ. சிறிய பெட்டி, 188 மி.மீ. நடுத்தரப் பெட்டி. எண் கிரவுன் வீலின் விட்டத்தைக் குறிக்கிறது. 325ஐ போன்ற ஆறு சிலிண்டர் வண்டிகளில் 188, நான்கு சிலிண்டர் 318ஐ-யில் 168. 318ஐ வைத்திருப்பவர் 188 எல்.எஸ்.டி. கிடைத்தது என்று தூக்கிக்கொண்டு வந்தால் அரை ஷாஃப்டுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று வரிசையாகத் தேட வேண்டிவரும். சிறிய பெட்டியிலும் எல்.எஸ்.டி. வந்திருக்கிறது. காத்திருந்து அதையே பிடிப்பது நல்லது.

அடுத்தது விகிதம். எல்.எஸ்.டி. கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறப்பவர்கள்தான் பிறகு நெடுஞ்சாலையில் வருந்துவார்கள். 3.64 இருந்த வண்டியில் 4.10 மாட்டினால் எந்தக் கியரிலும் எஞ்சின் சுழற்சி சுமார் 12.6 சதவீதம் ஏறும். டாப் கியரில் 3,000 சுழற்சியில் போய்க்கொண்டிருந்த வேகத்துக்கு இனி கிட்டத்தட்ட 3,380 வேண்டும். இழுவை நன்றாக இருக்கும், தூரப் பயணத்தில் காது வலிக்கும். மாறாக 325ஈ-யிலிருந்து வந்த 2.93 டிஃபை 3.73 இருந்த வண்டியில் போட்டால் வண்டி தூங்கி வழியும். வேறு விகிதப் பெட்டியிலிருந்து எல்.எஸ்.டி. கேரியரை (கிரவுன் வீலைத் தாங்கிச் சுற்றும் கூடு) மட்டும் எடுத்து உங்கள் கிரவுன் வீலில் மாட்டலாம், ஆனால் அது பட்டறை வேலை. அதைப் பற்றிக் கீழே.

தகட்டை நம்பாமல் விகிதம் கண்டுபிடிக்கக் கழற்றிய டிஃபில் ஒரு எளிய வழி. இன்புட் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்டைப் பொருத்தும் தட்டு) ஒரு பக்க அவுட்புட் ஃபிளாஞ்சிலும் சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள். அவுட்புட் ஃபிளாஞ்ச் சரியாக 10 சுற்று சுற்றும்வரை இன்புட்டைக் கையால் திருப்பி எண்ணுங்கள். 37 சுற்றும் ஏறக்குறைய கால் சுற்றும் வந்தால் 3.73. சரியாக 41 வந்தால் 4.10. ஒரே ஒரு சுற்று எண்ணி முடிவு செய்தால் 3.64-க்கும் 3.73-க்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணும்போது இரண்டு அவுட்புட்டும் சேர்ந்தே சுற்றுகின்றனவா என்று பார்க்கவும். ஒன்று நின்று ஒன்று மட்டும் ஓடினால் இன்புட் வர வேண்டிய சுற்றுகளில் பாதியிலேயே கணக்கு முடிந்துவிடும், உள்ளே இருப்பது ஓப்பன் டிஃப் அல்லது செத்துப்போன எல்.எஸ்.டி.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் இன்னொன்றும் அதே திசையில் சுற்றுகிறது, ஆகவே எல்.எஸ்.டி. நன்றாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். நியூட்ரலில் காற்றில் தொங்கும் இரண்டு சக்கரங்களை ஒன்றாகச் சுற்ற வைக்கக் கொஞ்சம் உராய்வு போதும். தேய்ந்த தட்டுகளும், சில நேரம் கெட்டியான பழைய ஆயில் மட்டுமே கூட, அதைச் செய்துவிடும். எல்.எஸ்.டி. இருக்கிறதா என்பதற்கு அது பதில். வேலை செய்கிறதா என்பதற்குப் பதில் டார்க் ரெஞ்சில்தான் இருக்கிறது.

வண்டியில் இருக்கும்போது: முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் இரண்டு வீல் போல்ட்டுகளுக்கு இடையே ஒரு பட்டைக் கம்பியை முடுக்கி, அதன் நடுவில், அச்சுக்கு நேராக, டார்க் ரெஞ்சை வைத்து மெதுவாகத் திருப்புங்கள். மற்ற சக்கரம் தரையில் பிடித்திருப்பதால் டிஃபின் தட்டுகள் வழுக்கினால்தான் இது சுற்றும். கழற்றிய டிஃப் என்றால் ஒரு அவுட்புட்டை வைஸில் பிடித்து, மற்றதை இதே மாதிரி திருப்பலாம். அசையத் தொடங்கும்போது காட்டும் எண்ணையும், சீராகச் சுற்றும்போது காட்டும் எண்ணையும் தனித்தனியாகக் குறியுங்கள். 10 நியூட்டன் மீட்டர் கூடக் காட்டாமல் சுற்றினால் முன்னழுத்தம் போய்விட்டது, அதை வெறும் பெட்டி விலைக்குத்தான் பேச வேண்டும். எண் நன்றாக இருந்தும் விட்டுவிட்டு, நறநறவென்று திரும்பினால் தட்டுகளின் முகம் கெட்டிருக்கிறது. வழவழவென்று ஒரே பிடிமானத்தோடு திரும்புவதுதான் நல்ல பொருள்.

முன்னழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஈ30-இல் வந்த இசட்.எஃப். எல்.எஸ்.டி.யில் ஸ்டார் பினியன்களின் (கேரியருக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள்) குறுக்குத் தண்டு இரண்டு அழுத்த வளையங்களுக்கு நடுவே, சரிவு வெட்டிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் இழுக்கும்போது தண்டு சரிவில் ஏறி வளையங்களை இரு பக்கமும் விலக்கும். அவை தட்டுகளை நெரிக்கும். அதாவது இழுவை இருந்தால்தான் நெரிப்பு. ஒரு சக்கரம் ஈரத்திலோ புல்லிலோ நிற்கும்போது தொடக்கத்தில் இழுவையே இருக்காது. அந்த முதல் நொடிக்கு உதவுவது கிண்ண வடிவ ஸ்பிரிங் தட்டுகள் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் அழுத்தம். உராய்வுத் தட்டு தேயத் தேய முதலில் காணாமல் போவது அதுதான். வறண்ட வளைவில் ஓரளவு வேலை செய்து, வேண்டிய நேரத்தில் கைவிடும் எல்.எஸ்.டி.களின் கதை பெரும்பாலும் இது.

தொழிற்சாலை அமைப்பு 25 சதவீதப் பூட்டு. மொத்த முறுக்கு விசையில் அதிகபட்சம் 62.5 சதவீதம் பிடிமானமுள்ள சக்கரத்துக்கு, 37.5 மற்றதற்கு. 1.67-க்கு 1 என்ற விகிதம். சாலைக்கு இது அழகான எண். வளைவுக்குள் நுழையும்போது மூக்கை வெளியே தள்ளாது, வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் சும்மா புகைவதைத் தடுக்கும். பந்தயத்துக்குத் தட்டுகளைக் கூட்டி 40 சதவீதம் என்று கட்டியதைச் சாலை வண்டிக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் கடக் கடக் என்று இழுத்து விடும்.

ஒரு பொறி: நான்கு சக்கர இழுவை 325ஐஎக்ஸ் வண்டியின் பின் எல்.எஸ்.டி. விஸ்கஸ் வகை. அதில் தட்டுகளைப் புதுப்பிக்கும் பேச்சே இல்லை. மூடிய டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம் கெட்டால் டப்பாவோடு மாற்ற வேண்டியதுதான். தட்டு வகை என்று நினைத்து அதைப் புதுப்பிக்க வாங்கிவிடாதீர்கள்.

ஹெலிகல் வகை பற்றி. குவைஃப் ஏ.டி.பி. இதில் பெயர் பெற்றது. தட்டு கிடையாது, ஆகவே தேய்ந்து போகும் உராய்வுப் பரப்பும் கிடையாது. சாய்பல் கியர்கள் தங்கள் கூடுகளின் சுவரில் அழுந்தி உராய்வதே பூட்டு. தயாரிப்பாளரே ஆயுட்கால உத்தரவாதம் தருகிறார். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதைவிட அமைதியான எல்.எஸ்.டி. இல்லை. உள்ளே இருப்பதே தெரியாது. குறை ஒன்றுதான், ஆனால் அடிப்படையான குறை: பிடிமானம் குறைந்த சக்கரத்தில் இருக்கும் விசையைப் பெருக்கித்தான் மற்றதற்குத் தருகிறது. ஒரு சக்கரம் முழுவதும் காற்றில் தூக்கினால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். கடினமான ஸ்பிரிங் போட்டு, தடத்தில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கும் வண்டிகளுக்குத் தட்டு வகையே சரி. சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு, நல்ல பழைய ‘எஸ்’ கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் ஹெலிகல்.

ஆனால் ஹெலிகல் கேரியரையோ வேறு பெட்டியிலிருந்து எடுத்த எல்.எஸ்.டி. கேரியரையோ உங்கள் ஹவுசிங்கில் இறக்குவது போல்ட் கழற்றி மாட்டும் வேலை அல்ல. பேரிங் புல்லர், பிரஸ், டயல் கேஜ் மூன்றும் வேண்டும். நல்ல செய்தி: பினியனைத் தொடவே தேவையில்லை. அதன் ஆழம் மாறாததால், சரிசெய்ய வேண்டியது கேரியரின் இட வல நிலை மட்டுமே. இந்த டிஃபில் பக்க மூடிகளுக்குக் கீழே உள்ள ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) அதைத் தீர்மானிக்கின்றன. இரு பக்க ஷிம்களின் மொத்தத் தடிமன் பேரிங் அழுத்தத்தையும், அவை இரு பக்கமும் பிரிந்திருக்கும் விதம் பல் இடைவெளியையும் முடிவு செய்யும். ஆகவே கழற்றும்போதே இடது ஷிம், வலது ஷிம் என்று கட்டிப் பெயரெழுதி வையுங்கள். கலந்துவிட்டால் ஒரு நாள் போச்சு.

கிரவுன் வீலைப் புதுக் கேரியரில் ஏற்றச் சுத்தியலை எடுக்காதீர்கள். கொதிநீர்ச் சூடு அளவுக்கு, சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக வழுக்கி உட்காரும். இரண்டு நீளப் போல்ட்டுகளை வழிகாட்டியாக வைத்து இறக்கினால் துளைகள் நேர்படும். கிரவுன் வீல் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும், இழைகளில் பூட்டுப் பசை, எதிரெதிராக முடுக்கு. பிறகு டயல் கேஜைப் பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக வைத்து, பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை ஆட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் அளந்து திருப்தியடையாமல், சுற்றிலும் நான்கு இடத்தில் அளக்கவும். நான்கும் கணிசமாக மாறுபட்டால் கிரவுன் வீலுக்கும் கேரியருக்கும் நடுவே ஏதோ தூசியோ பிசிறோ சிக்கியிருக்கிறது, கழற்றித் துடைக்க வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதற்கு அந்தந்தப் பெட்டியின் கையேட்டு எண்ணே கணக்கு. கழற்றும் முன் உங்கள் டிஃப் சத்தமில்லாமல் ஓடியது என்றால், அப்போது அளந்து வைத்த எண்ணுக்குத் திரும்புவது இன்னும் நல்லது, ஏனென்றால் பற்கள் அந்த இடத்தில்தான் பழகியிருக்கின்றன.

வேகமானிக்கான சென்சார் டிஃபின் பின்மூடியில் இருக்கிறது, கேரியரோடு சுற்றும் பல் வளையத்தை அது படிக்கிறது. புதுக் கேரியருக்கு அந்த வளையத்தை மாற்றி மாட்ட மறந்தால் எல்லாம் முடித்து மூடி ஆயில் ஊற்றி வண்டியை இறக்கிய பிறகு வேகமானி முள் அசையாது. கேரியர் சக்கரத்தோடு சுற்றுவதால், டிஃப் விகிதம் மாறினாலும் வேகமானி பொய் சொல்லாது. இது இந்த அமைப்பின் ஒரு சௌகரியம்.

முழு டிஃபையே மாற்றும் வேலைக்கு வருவோம். இது வீட்டுக் கொட்டகையிலேயே முடியும், ஒரு முழு நாளும் இரண்டாவது ஆளும் இருந்தால். முதல் விதி, எதையும் கழற்றும் முன் ஆயில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். 14 மி.மீ. ஆலன் கீ வேண்டும். அது திறக்கவில்லை என்று தெரியாமல் வடிக்கும் பிளக்கைத் திறந்தால் ஆயில் இல்லாத டிஃபோடு வண்டி அங்கேயே நிற்கும். வாங்கிய டிஃபிலும் இதே சோதனையைத் தரையில் வைத்தே செய்துவிடுங்கள்.

அரை ஷாஃப்டின் உள்பக்க போல்ட்டுகள் பக்கத்துக்கு ஆறு. அவற்றின் தலைக் குழியில் கிரீஸும் மண்ணும் கல்லாக இறுகியிருக்கும். ஊசியால் குத்தி, கிளீனர் அடித்து, கீ அடிவரை இறங்குகிறது என்று உறுதியான பிறகே திருப்ப வேண்டும். பாதி இறங்கிய கீயால் திருப்பி ஒரு தலை வழுக்கினால், மற்ற பதினொன்றும் சேர்ந்து எடுத்த நேரத்தை அது ஒன்றே எடுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு மேலே இருக்கும் இரண்டைத் தளர்த்து, விட்டுச் சுற்று, அடுத்த இரண்டு. கழற்றிய ஷாஃப்டைத் தொங்க விடாமல் கம்பியால் மேலே கட்டுங்கள், இல்லையென்றால் வெளிப்பக்க ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழியும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கு போல்ட்டில் பிடித்திருக்கும். பிரிக்கும் முன் இரு ஃபிளாஞ்சிலும் பெயின்ட்டால் ஒரே கோடு. வேறு டிஃப் வருவதால் அந்தக் கோடு பாதிதான் உதவும். மாட்டிய பிறகு அதிர்வு வந்தால் ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். நடுவில் உள்ள சறுக்கு இணைப்பின் நட்டைத் தளர்த்தினால்தான் ஷாஃப்டைப் பின்னால் இருந்து விலக்க இடம் கிடைக்கும். மாட்டும்போது அதைக் கடைசியில் இறுக்க மறக்காதீர்கள். நட்டுகள் ஒரு தடவைக்குத்தான். புதியதாகப் போடவும்.

188 பெட்டி முப்பது கிலோவைத் தாண்டும். நெஞ்சில் தாங்கி இறக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஜாக்கிமேல் பலகை வைத்து, பட்டையால் கட்டி, சென்சார் வயரைப் பிடுங்கி விட்டு, பின்னால் உள்ள பெரிய புஷ் போல்ட், பிறகு முன்னால் சப்ஃப்ரேமில் உள்ள நான்கு. மேலே ஏற்றும்போது எல்லா போல்ட்டையும் கையாலேயே நான்கைந்து இழை ஓட்டிவிட்டு அப்புறம்தான் ஸ்பானர்.

புது டிஃபைத் தரையில் வைத்திருக்கும்போதே செய்ய வேண்டியவை: இரு பக்க ஆயில் சீல், பினியன் சீல், பின்மூடி புஷ், காற்றுத் துளை. பக்க ஃபிளாஞ்சுகள் உள்ளே ஒரு ஸ்பிரிங் வளையத்தில் மட்டுமே பிடித்திருக்கின்றன. எதிரெதிரே இரண்டு நெம்புகோல் கொடுத்தால் டொக்கென்று வந்துவிடும். சீல் உதடு ஓடும் இடத்தில் ஃபிளாஞ்சில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும், ஆகவே சீலைக் கொஞ்சம் வேறு ஆழத்தில் உட்கார வைக்கவும். பினியன் சீல் மாற்றும்போது நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்துக் குத்துக்குறி வைத்து, அதே குறிக்குத்தான் திரும்ப வேண்டும். பலம் காட்டித் தாண்டி முடுக்கினால் உள்ளே இருக்கும் நசுங்கும் குழாய் மேலும் நசுங்கி, பேரிங் இறுகி, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளை தொடங்கும். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டால் சூட்டில் ஏறும் அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

புஷ்ஷுக்கு ரப்பரே போதும். பாலியூரேத்தேன் போட்டால் பல் சத்தம் முழுவதும் பின்சீட்டில் வந்து உட்காரும்.

ஆயில்: தட்டு வகைக்கு ஜி.எல்.-5 தரமும், உராய்வு மாற்றியும் (தட்டுகள் விட்டுவிட்டுப் பிடிக்காமல் சீராக வழுக்க ஆயிலில் கலக்கும் சேர்மம்) கட்டாயம். எல்.எஸ்.டி.க்கென்று விற்கும் ஆயில்களில் அது கலந்தே வரும். ரெட் லைன் 75டபிள்யூ-90-இல் உண்டு, அதன் பின்னால் ‘என்.எஸ்.’ போட்டதில் இல்லை. ஏற்கெனவே கலந்த ஆயிலில் கூடுதலாக ஒரு புட்டி ஊற்றுவது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். தட்டுகள் வழுக்கி, வாங்கிய எல்.எஸ்.டி. ஓப்பன் டிஃபாகிவிடும். ஹெலிகல் வகைக்கு மாற்றி தேவையே இல்லை. 188 பெட்டி சுமார் 1.7 லிட்டர் கொள்ளும், 168 பெட்டி சுமார் 0.9. ஆனால் எண்ணை நம்பாமல், வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையிலிருந்து ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றுவதுதான் அளவு.

ஓட்டிப் பார்க்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். மெதுவாக வளைக்கும்போது மட்டும் கடகடத்தால் ஆயிலில் உராய்வு மாற்றி போதவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஊளை வந்தால் பல் இடைவெளி அல்லது பினியன் பேரிங். கியர் போட்டதும் ஒரு டொக் என்றால் புஷ் அல்லது சரியாக முடுக்காத முன் போல்ட். இரண்டு பின் டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று புதிது, ஒன்று வழுக்கை என்றால் நேர்ச்சாலையில்கூடத் தட்டுகள் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

புதுத் தட்டுகள் போட்டிருந்தால், காலி மைதானத்தில் கால் மணி நேரம் மெதுவாக எட்டு வடிவத்தில் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை. முதல் 1,500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துவிட வேண்டும். அது கறுத்துத்தான் வரும், பயப்பட வேண்டாம். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டுங்கள். விரலில் நெருடும் அளவுக்குச் செதில் இருந்தால் மூடியைத் திறக்கவும்.